பட்டினி போட்டால் பூக்கும் மரம்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் விவசாயி கிடையாது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஓ.எம்.ஆர். ரோட்டுல பொட்டி தட்டிக்கிட்டிருக்கிற லட்சக்கணக்கான ஜீவன்கள்ல ஒருத்தன். ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல, மாசத்துக்கு ரெண்டு வெள்ளிக்கிழமை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடிச்சு திருச்சி போறேன். ரெண்டு நாள் மரம் செடியோட மல்லுக்கட்டிட்டு ஞாயிறு ராத்திரி திரும்பி வர்றேன். திங்கக்கிழமை காலையில மீட்டிங்ல கேமராவை ஆன் பண்ணச் சொன்னா, நகத்துல மண்ணோட உக்காந்திருப்பேன். அதனால இதைப் பத்தி எழுத எனக்கு ஒரு தகுதி இருக்குன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன் :-)

வீடு திருவெறும்பூர் பக்கம். ஆறு சென்ட் இடம். பின்னாடி ஒரு மா, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை, ரெண்டு தென்னை, கறிவேப்பிலை. முன்பக்கம் அம்மாவோட மல்லிகை. எல்லாமே அப்பா வெச்சது. பெல்லுல வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஷிப்ட் முடிஞ்சு வந்தா சட்டையைக் கழட்டிட்டு நேரா கொல்லைப்பக்கம்தான் போவார். நாங்க டியூஷன் போறோமா இல்லையான்னு கூட அவருக்குத் தெரியாது, எலுமிச்சையில எத்தனை பிஞ்சு விட்டிருக்குன்னு தெரியும். 2023-ல அவருக்கு பைபாஸ் நடந்துச்சு. அதுக்கப்புறமும் இதயத்தோட பம்பிங் கம்மின்னு சொல்லிட்டாங்க. வெயிட் தூக்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, தண்ணி, காபி, ரசம் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒன்னரை லிட்டருக்கு மேல போகக்கூடாது. மனுஷன் கொல்லையில ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்து உத்தரவு போடுவார். நான் செய்வேன். இதுதான் ஏற்பாடு.

பிரச்சனை மாமரத்துல. இமாம்பசந்த். 1998-ல, எனக்கு ஒரு வயசு இருக்கும்போது, ஸ்ரீரங்கத்துல ஒரு நர்சரியிலேர்ந்து ஒட்டுக்கன்னா வாங்கி சைக்கிள் கேரியர்ல கட்டிட்டு வந்தாராம். திருச்சிக்காரங்களுக்கு இமாம்பசந்த்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: தோல் மெலிசு, நார் கிடையாது, ஒரு பழம் சாதாரணமா அரைக்கிலோ தாண்டும். அதைச் சாப்பிட்டுட்டு மத்த மாம்பழத்தைச் சாப்பிட்டா ஏதோ கடமைக்குச் சாப்பிடுற மாதிரி இருக்கும்.

அந்த மரம் 2021-ல நல்லா காய்ச்சுது. 2022-ல பூக்கலை. சரி, மாமரம் ஒரு வருஷம் காய்ச்சா அடுத்த வருஷம் ஓய்வு எடுக்கிறது சகஜம்தானே. (நீலம் மாதிரி சில ரகம் மட்டும்தான் வருஷா வருஷம் ஒழுங்கா காய்க்கும். அதனாலதான் நீலத்தையும் தசேரியையும் கலந்து மல்லிகா, ஆம்ரபாலின்னு புது ரகங்களை உண்டாக்கினாங்க.) 2023-லயும் பூக்கலை. 2024-லயும் இல்லை.

2024 ஆடியில நான் போனப்போ, மரக்காரர் ஒருத்தர் வந்து அடிமரத்தைக் கட்டிப்பிடிச்சு அளந்துட்டு இருந்தார். 7,000 ரூபாய்னு விலை பேசியாச்சு. அந்த இடத்துல கார் ஷெட். அக்கா வீட்டுக்காரர் கோயமுத்தூர்லேர்ந்து வரும்போதெல்லாம் வண்டியை ரோட்டுல நிறுத்த வேண்டியிருக்கே, அதுக்காம். வெட்டச் சொன்னது மாமாவோ அக்காவோ இல்லை. சாட்சாத் எங்கப்பா.

"ஏம்ப்பா?"ன்னு கேட்டேன்.

"நீ மெட்ராஸ்ல. அவ கோயமுத்தூர்ல. உங்கம்மாவுக்கு முதுகுவலி, தினம் ஒரு கூடை எலை பெருக்குறா. எனக்கு அப்புறம் இதை யாருடா பாக்கப்போறா? காய்ச்சாலாவது பரவால்ல."

இதுக்கு என்ன பதில் சொல்றது? அவர் சொன்னதுல ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அம்மாவும் மரத்துக்காகப் பரிஞ்சு பேசலை. இலை பெருக்குறவங்களுக்குத்தான் மரத்தோட நிஜமான கணக்கு தெரியும். நிழல்ல உக்காந்து கவிதை எழுதுறவனுக்குத் தெரியாது. ஆனா எனக்கு "அப்புறம்"ங்கிற அந்த வார்த்தை பிடிக்கலை. ஒரு வருஷம் டைம் குடுங்கன்னு கேட்டேன். மாசி பொறக்கிற வரைக்கும்னு ஒத்துக்கிட்டார். அப்பவும் பூக்கலைன்னா மரக்காரர்.

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. நேத்து வரைக்கும் ஓடின புரோகிராம் இன்னைக்கு படுத்துடுச்சுன்னா முதல் கேள்வி, "கடைசியா எப்போ ஒழுங்கா ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" அதையே மரத்துக்கும் கேட்டேன். கடைசியா காய்ச்சது 2021 கோடை. அதுக்கப்புறம் வீட்டுல என்ன மாறுச்சு? அம்மாதான் சொன்னாங்க: அந்த வருஷம் ஆவணியில சமையலறையை இடிச்சுக் கட்டினோம். பிளம்பர் சிங்க் தண்ணியை சாக்கடைக்கு விடாம, "வீணாப் போகாம மரத்துக்குப் போகட்டும்மா"ன்னு பைப்பை நீட்டி மாமரத்துக்கு அடியில விட்டுட்டுப் போனார். எல்லாருக்கும் சந்தோஷம். மறுசுழற்சி, சுற்றுச்சூழல், இத்யாதி.

அப்பா நம்பலை. "இவ்ளோ பெரிய மரத்துக்கு பாத்திரம் கழுவுற தண்ணி என்னடா பண்ணும்?" பைப்புக்கு அடியில பக்கெட்டை வெச்சு ஒரு நாள் முழுக்க அளந்தேன். ஏறக்குறைய 70 லிட்டர். ஐப்பசி பாதியிலேர்ந்து தை பாதி வரைக்கும் 90 நாள்னு வெச்சா 6,300 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு சின்ன டேங்கர் லாரித் தண்ணி. அதுவும் மரம் காஞ்சு கிடக்க வேண்டிய மூணு மாசத்துல!

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் விளக்கமா சொல்றேன். மாமரத்துல கிளை நுனியில இருக்கிற மொட்டுதான் ஒன்னு பூங்கொத்தா வரும், இல்லைன்னா தளிரா வரும். தண்ணியும் உரமும் தாராளமா கிடைச்சா மரம் தளிர் விட்டுட்டே இருக்கும். அது பூக்கிறதுக்கு கிளை நுனியில இருக்கிற இலைங்க நாலஞ்சு மாசமாவது முத்தியிருக்கணும். கூடவே கொஞ்சம் குளிர், கொஞ்சம் தாகம். குளிர் நாட்டுல குளிரே அந்த வேலையைப் பாத்துக்கும். நம்ம ஊர் மார்கழிக் குளிரு மரத்துக்கு ஒரு துண்டு போத்திக்கிற அளவுதான். அதனால தாகம்தான் முக்கியம். தோப்புக்காரங்க மழை முடிஞ்சதும் பூ வர்ற வரைக்கும் தண்ணியை நிறுத்திடறது இதுக்குத்தான். எங்க தெருவுல நாலு மாமரம் இருக்கு. 2024 தையில நாலும் பூத்து நின்னுச்சு. எங்க மரம் மட்டும் செம்பு நிறத்துல தளிர் விட்டு ஜம்முன்னு இருந்துச்சு. பாக்க அழகுதான். பிரயோஜனம்?

ஆவணியில பைப்பைத் திருப்பிட்டோம். மதில் ஓரமா ஒரு வாழை, சேம்பு, கொஞ்சம் கல்வாழை வெச்சு அதுக்கு சிங்க் தண்ணி. பழைய வீடுகள்ல குளிக்கிற தண்ணி போற வழியில கல்வாழையும் சேம்பும் இருக்குமே, அதே ஐடியாதான். நம்ம பாட்டிங்களுக்கு எந்தச் செடிக்கு எப்பவும் ஈரம் பிடிக்கும்னு தெரிஞ்சிருக்கு.

அதோட மரத்துக்கு கவாத்து. உண்மையில இது அறுவடை முடிஞ்ச கையோட செய்யற வேலை. மூணு வருஷமா அறுவடையே இல்லாததால அதையும் யாரும் செய்யலை. காஞ்ச கிளை, ஒன்னோட ஒன்னு உரசுற கிளை, நடுவுல வெளிச்சம் போகவிடாம அடைச்சு நிக்கிற குச்சி எல்லாம் எடுத்தேன். அப்பா சேர்லேர்ந்து, "அது இல்லடா, அதுக்கு இடது பக்கம். டேய், என் இடது!" வெட்டின இடத்துல எல்லாம் காப்பர் மருந்தைக் குழைச்சுப் பூசினோம். உரம் வைக்கும்போதும் ஒரு பாடம். நான் அடிமரத்தைச் சுத்திப் பள்ளம் எடுக்கணுமான்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "உச்சி வெயில்ல மரத்து நிழல் எங்க முடியுதோ அங்க வெட்டு. உறிஞ்சுற வேரு அங்கதான் இருக்கு. அடிமரத்துல இருக்கிறது நிக்கிறதுக்கு." 50 கிலோ தொழு உரம், வட்டமா பள்ளம், மூடினதும் என் முதுகு கழண்டுடுச்சு.

இந்த வருஷக் கணக்குல மத்த மரங்களும் இருக்கு, ஆனா அதுங்க மா மாதிரி அழவிடாது. கொய்யா பாவம், ரொம்ப நல்ல பிள்ளை. புதுசா விடுற கிளையிலதான் பூக்கும். அதனால ஒவ்வொரு கிளை நுனியிலயும் ஒரு சாண் வெட்டிவிட்டா போதும். நேரா மேல போற கிளையை கயிறு கட்டி வளைச்சு, கயித்து நுனியில ஒரு செங்கல்லைத் தொங்கவிடுவார் அப்பா. சின்ன வயசுல இது ஏதோ திருஷ்டிக்குன்னு நினைச்சிருந்தேன். நுனிதான் மத்த மொட்டுகளை எல்லாம் தூங்க வைக்குது. நுனியைச் சாய்ச்சுட்டா கிளை முழுக்க இருக்கிற மொட்டுங்க முழிச்சுக்கும்.

எலுமிச்சையில மழைக்காலத் தளிர் வந்தவுடனே பறவை எச்சம் மாதிரி புழு வரும். தொட்டா தலைக்குப் பின்னாலேர்ந்து ஆரஞ்சு நிறத்துல ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு நாத்தம் விடும். மருந்தெல்லாம் வேண்டாம், கையால பொறுக்கினா போதும். அக்கா பொண்ணு அதுல ஒன்னை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு கறிவேப்பிலை குடுத்து வளத்து, பட்டாம்பூச்சியாக்கி விட்டுச்சு. அம்மா, "நல்லா வளத்த போ, அது திரும்பி இங்கயேதான் வந்து முட்டை வைக்கும்"னாங்க.

முருங்கையைப் பத்தி ஒரு தனி பதிவே எழுதலாம். "முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்"னு ஒரு பழமொழி உண்டு. எங்க வீட்டுல ரெண்டாவது பாதி மட்டும் ஒழுங்கா அமல்ல இருந்துச்சு. விட்டா இருபது அடிக்குப் போயிடும். மெத்து மரம், காத்துல மளுக்குன்னு ஒடிஞ்சு பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் மேல விழும். அப்புறம் ஐப்பசியில கம்பளிப்பூச்சி. பகல்ல அடிமரத்துல கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு தூங்கும், ராத்திரி மேல ஏறி இலையை மொட்டையடிக்கும். முன்னெல்லாம் அப்பா கம்புல துணியைச் சுத்தி மண்ணெண்ணெயில நனைச்சு தீப்பந்தம் காட்டுவார். நாங்க ரெண்டு பேரும் ஜன்னல் வழியா பாத்து பயந்துட்டே இருப்போம். இப்போ நான் சோப்புத் தண்ணியும் வேப்பெண்ணெயும் அடிக்கிறேன். தீப்பந்தம் அளவுக்கு வீரமா இல்லைன்னு அப்பாவோட விமர்சனம். மேல பட்டா ரெண்டு நாள் அரிக்கும், முழுக்கை சட்டை கட்டாயம்.

மல்லிகை அம்மா டிபார்ட்மெண்ட். கார்த்திகை கடைசியில முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்சம் இருக்கிற இலையையும் உருவிட்டு, தண்ணியைக் குறைச்சிடுவாங்க. மார்கழி முழுக்க செத்த செடி மாதிரி கிடக்கும். பங்குனியில பாருங்க. அதாவது, மாமரத்துக்கு நான் பக்கெட் வெச்சு அளந்து கண்டுபிடிச்ச விஷயத்தை, பத்தடி தள்ளி எங்கம்மா வருஷா வருஷம் சத்தமில்லாம செஞ்சுட்டு இருந்திருக்காங்க. "சொல்லியிருக்கலாமேம்மா"ன்னா, "மாமரம் உங்கப்பாவோடது, அதுல நான் ஏன் தலையிடணும்"ங்கிறாங்க. குடித்தனம் நடத்துற அழகைப் பாருங்க!

சரி, மா. பைப்பைத் திருப்பியாச்சு, ஆனா வானத்துக்கு பைப் கிடையாதே. 2024-ல டிசம்பர் பாதி வரைக்கும் மழை விடலை. ஒவ்வொரு புயல் சின்னம் செய்தி வரும்போதும் ஊரே பயிருக்காகவும் வீட்டுக்காகவும் கவலைப்பட, நான் ஒரு மரம் தண்ணி குடிச்சிடுமேன்னு கவலைப்பட்டேன். மழை நின்னப்புறம் ஒரு நாள் அப்பா சேர்ல உக்காந்து தன்னோட அளவு டம்ளரைப் பாத்துட்டே சொன்னார்: "எனக்கு டாக்டர் ஒன்னரை லிட்டராவது குடுக்குறார். நீ இதுக்கு அதுகூட குடுக்க மாட்டேங்குற." சிரிச்சார்தான். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

பொங்கலுக்குப் போனேன். ஒன்னும் இல்லை. கரும்பச்சை இலை, நுனியில கெட்டியா ஒரு மொட்டு, அவ்வளவுதான். தளிரும் விடலைங்கிறது மட்டும் ஆறுதல். தை கடைசி வாரம் பொட்டாசியம் நைட்ரேட் அடிக்கலாம்னு சொன்னேன். உரக்கடையில 13:0:45-னு கேட்டா குடுப்பாங்க, லிட்டருக்கு 10 கிராம். இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. பிலிப்பைன்ஸ்ல மாமரத்தைப் பூக்க வைக்க மரத்தடியில நாள்கணக்கா புகை போடுவாங்களாம். ரமோன் பார்பாங்கிற விஞ்ஞானி 1970-கள்ல, புகையெல்லாம் வேண்டாம், இந்த உப்பைக் கரைச்சு அடிச்சாலே பூக்குதுன்னு காட்டினார். உலகம் முழுக்க மா விவசாயிங்க பயன்படுத்திக்கட்டும்னு விட்டுட்டார், ராயல்டி கேக்கலை. 2021-ல காலமானார். நம்ம வேலையில ஓப்பன் சோர்ஸ்னு பீத்திக்கிறோமே, அதுக்கு இவரையும் கும்பிடலாம். தோப்புகள்ல வேர்ல ஊத்துற கல்தார் பத்தியும் கேட்டேன். வளர்ச்சியையே அமுக்கிப் பூக்க வைக்கிற மருந்து. "அது வேண்டாம், வீட்டுல சாப்பிடுற மரம்"னு அப்பா ஒரே வரியில முடிச்சுட்டார். நைட்ரேட்டுக்கு மட்டும் சம்மதம். மொட்டை மாடியிலேர்ந்தும் கீழேர்ந்தும் நாலு டேங்க் அடிச்சேன்.

மாசி பொறந்த மறுநாள் ஆபீஸ்ல இருக்கும்போது அப்பாகிட்டேர்ந்து வாட்ஸப்ல ஒரு போட்டோ. ஆடின போட்டோ. பாதி அவரோட கட்டைவிரல். பெரிசு பண்ணிப் பாத்தேன். நுனி மொட்டு பருத்திருக்கு. ஆனா அது பூவா தளிரான்னு பிரிஞ்சாதான் தெரியும். அடுத்த மூணு நாள் நான் என்ன ஆணி புடுங்கினேன்னு மேனேஜருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாலாவது நாள் அம்மாதான் போன் பண்ணினாங்க. "பூதான்டா. உங்கப்பா ஏணியை எடுத்துட்டார், நான் பிடுங்கி பூட்டி வெச்சிருக்கேன்."

மரம் முழுக்க இல்லை, பாதி மரம். ஆனா பாதி மரம் பூத்தாலும் வேலை முழு மரத்துக்குத்தான். தத்துப்பூச்சி வந்தா இலையெல்லாம் பிசுபிசுன்னு தேன் ஊத்தின மாதிரி ஆகும், அதுக்கு பூ விரியறதுக்கு முன்னாடியே வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கரையறதுக்குக் கொஞ்சம் சோப்பு. பூங்கொத்து மேல சாம்பல் தூவின மாதிரி இருந்தா நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். பூ நல்லா விரிஞ்சப்புறம் எதுவும் அடிக்காம ஒதுங்கிடணும். மாம்பூவுக்கு மகரந்தம் சேக்கிறதுல ஈக்களுக்குப் பெரிய பங்கு, அதுங்களைக் கொன்னுட்டு காய்க்கலையேன்னு அழக்கூடாது. பட்டாணி அளவு பிஞ்சு வந்ததும் தண்ணி. ஆமா, இப்போதான். பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, நல்லா ஊற. அந்த முதல் தண்ணியை அப்பாவே ஹோஸ் பிடிச்சு விட்டார். யாரையும் கிட்ட விடலை.

பங்குனிக் காத்துல பிஞ்சு கொட்டும்போது வயிறு எரியும். ஆயிரம் பூவுக்கு ஒன்னு ரெண்டு காய் தேறினாலே அதிகம்னு தெரிஞ்சிருந்தும், தரையில பச்சை கோலிக்குண்டு மாதிரி கிடக்கிறதைப் பாத்தா மனசு கேக்காது. அம்மா அதை மாவடு போட்டுட்டாங்க. பழ ஈக்கு ரெண்டு பொறி கட்டினேன், உள்ள மெத்தில் யூஜினால் தடவின கட்டை. ஆண் ஈ அதைத் தேடி வந்து மாட்டிக்கும். விழுந்த பழத்தை அப்படியே விடாம பொறுக்கி அழிச்சா ஈ இன்னும் குறையும்.

ஆனியில பறிச்சோம். கொஞ்சம் காம்போட பறிச்சு, பால் வடிய விட்டு, ஸ்டோர் ரூம்ல வைக்கோல் மேல அடுக்கி வெச்சோம். மொத்தம் 58. எது வேலை செஞ்சுதுன்னு கேட்டா, பைப்பா, கவாத்தா, நைட்ரேட்டா, என்னால சொல்ல முடியாது. ஒரே நேரத்துல மூணு மாத்தம் பண்ணினா எதால சரியாச்சுன்னு தெரியாதுன்னு எங்க ஆபீஸ்ல சின்னப் பசங்களுக்கு நானே கிளாஸ் எடுக்கிறவன். இதை அப்பாகிட்ட சொன்னேன். "காய்ச்சுதா இல்லையா?"ன்னார்.

அவருக்கு சர்க்கரையும் உண்டு. பழத்துல ரெண்டு கீத்துதான் அனுமதி. அந்த ரெண்டு கீத்தை அரைமணி நேரம் சாப்பிட்டார்.

ஆடியில மரக்காரர் போன் பண்ணினார். ஸ்பீக்கர்ல போட்டு அப்பா பேசினது எனக்கும் கேட்டுச்சு. "இல்லப்பா, காய்ச்சிருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம் மரத்துக்கு ஓய்வு வருஷமா இருக்க வாய்ப்பு அதிகம். அது அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கலை. ஆடிப்பெருக்குக்கு லீவு போட்டுட்டு வா, கவாத்து பண்ணணும், நல்ல ரம்பம் ஒன்னு வாங்கிட்டு வான்னார். வாங்கிட்டுப் போனேன். அம்மா இலை பெருக்கிட்டேதான் இருக்காங்க. வாரத்துல நாலு நாள் அதுக்கு ஒரு அக்காவை ஏற்பாடு பண்ணியிருக்கேன், மிச்ச மூணு நாள் அம்மா.

இந்த வாரம் மல்லிகை வெட்டணும். அரிவாளை சாணை பிடிச்சு வெச்சுட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க. மலைக்கோட்டையில வெயிட்டிங் லிஸ்ட் 14. கிடைக்கலைன்னா பஸ்தான்.